சிவப்புக் கைப்பிடிக் கத்தி: எந்த மாதிரி?

2024 மார்ச் 3, ஞாயிறு

நண்பர் ஒருவர் தம் தந்தை நெடுங்காலம் பயன்படுத்திய மடக்குக் கத்தியைக் கொடுத்திருக்கிறார். கைப்பிடியில் செருகியிருக்க வேண்டிய பற்குச்சியும் முள்வாங்கியும் தொலைந்துவிட்டன. அவற்றை வாங்கிப் பொருத்த விரும்பும் அவர், முதலில் இது எந்த மாதிரி என்று அறிந்துகொள்ள வேண்டும் என்கிறார். சிவப்புக் கைப்பிடியும் வெள்ளைச் சிலுவையும் இருப்பதால் ‘ஸ்விஸ் ஆர்மி கத்தி’ என்று யாரும் சொல்லிவிடுவார்கள். ஆனால் அந்தப் பெயருக்குள் நூற்றுக்கணக்கான மாதிரிகள் அடங்கும், மாதிரியின் பெயரோ பெரும்பாலும் கத்தியின்மீது பொறிக்கப்பட்டிருக்காது.

நீளத்தை அளப்பதிலிருந்து தொடங்குவதே முறை. விக்டோரினாக்ஸ் நிறுவனத்தின் கத்திகள் மூடிய நிலையில் 58, 74, 84, 91, 111 மில்லிமீட்டர் போன்ற குறிப்பிட்ட அளவுகளில்தான் வரும். அதன் பழைய போட்டியாளரான வெங்கரின் நடுத்தரக் கத்திகளோ 85 மில்லிமீட்டர். எனவே 84, 85 என்று வந்தால் ஒரு மில்லிமீட்டரை வைத்து இரண்டு நிறுவனங்களைப் பிரிக்க வேண்டியிருக்கும். மரத்தாலான அளவுகோலை நம்பாமல் வெர்னியர் காலிப்பரை எடுத்தேன். 91 மில்லிமீட்டர்.

மார்ச் 4, திங்கள்

ஓர் அளவை மட்டும் வைத்துத் தயாரிப்பாளரை முடிவு செய்ய மனம் ஒப்பவில்லை. 1908 முதல் ஸ்விஸ் இராணுவம் தன் கொள்முதலை இரு நிறுவனங்களுக்கும் பங்கிட்டுக் கொடுத்து வந்ததால், 2005இல் வெங்கரை விக்டோரினாக்ஸ் வாங்கிய பிறகும் சில ஆண்டுகள்வரை இரண்டின் கத்திகளும் அருகருகே விற்பனையில் இருந்தன.

இலச்சினையைப் பார்த்தேன். சிலுவையைச் சுற்றி இருப்பது கேடய வடிவம். வெங்கருடையது மூலைகள் வளைந்த சதுரம். அடுத்ததாகக் கத்தரிக்கோல்: வெங்கரின் கத்தரிக்கோலில் அலகு ரம்பப் பல்லோடு இருக்கும், இதில் அலகு வழவழப்பாக இருக்கிறது, கைப்பிடிகளை விரிக்க மெல்லிய தனி ஸ்பிரிங் ஒன்றும் இருக்கிறது. டின் ஓப்பனரும் முன்னோக்கித் தள்ளி வெட்டும் வகை, நுனியில் சிறு ஸ்க்ரூடிரைவரோடு. எல்லாம் ஸ்விட்சர்லாந்தின் ஈபாக் ஊரில் உள்ள விக்டோரினாக்ஸையே காட்டுகின்றன. பெரிய அலகின் அடியில் படிந்திருந்த அழுக்கை வெந்நீரில் ஊறவைத்துத் துடைத்த பிறகு ‘விக்டோரினாக்ஸ்’ என்ற எழுத்துகளும் தெரிந்தன. கருவிகளும் எழுத்தும் ஒத்துப்போனதில் எனக்குப் பெரும் நிறைவு.

மார்ச் 6, புதன்

இன்று கருவிகளை ஒவ்வொன்றாகத் திறந்து எழுதினேன். பெரிய அலகும் சிறிய அலகும் ஓர் அடுக்கு, டின் ஓப்பனரும் பாட்டில் ஓப்பனரும் ஓர் அடுக்கு, பிறகு கத்தரிக்கோல், பிறகு மர ரம்பம். முதுகுப்புறத்தில் கார்க் ஸ்க்ரூவும் குத்தூசியும்.

இந்த முதுகுப்புறம்தான் விக்டோரினாக்ஸைத் தொடங்கிய கார்ல் எல்செனரின் திறமை. 1897 ஜூன் 12 அன்று அவர் பதிவு செய்த அதிகாரிக் கத்தியில், ஒரே ஸ்பிரிங் முன்பக்கக் கருவியையும் பின்பக்கக் கருவியையும் சேர்த்துத் தாங்கியது. அதனால் கனம் கூட்டாமலேயே கருவிகளைக் கூட்ட முடிந்தது. (அதிகாரிக் கத்தி என்ற பெயர் இருந்தாலும் இராணுவம் அதை வழங்கவில்லை, சிப்பாய்களுக்குக் கொடுத்த கத்தியில் கார்க் ஸ்க்ரூ கிடையாது.)

மாதிரியைக் கண்டறிய, இல்லாத கருவியும் இருப்பதற்குச் சமமாக உதவுகிறது. ரம்பம் இல்லையென்றால் இது கிளைம்பர்; கத்தரிக்கோல் இல்லையென்றால் கேம்பர்; இரண்டும் இல்லையென்றால் ஸ்பார்ட்டன். கார்க் ஸ்க்ரூவின் இடத்தில் ஸ்டார் ஸ்க்ரூடிரைவர் இருந்தால் ஃபீல்ட்மாஸ்டர். உலோக அரம் இருந்திருந்தால் ரேஞ்சர் போன்ற தடித்த மாதிரிகளைத் தேட வேண்டியிருக்கும். ஆக, இது ஹண்ட்ஸ்மேன்.

மார்ச் 9, சனி

ஒன்று மட்டும் இடித்தது. இன்று கடையில் கிடைக்கும் ஹண்ட்ஸ்மேனில், கத்தரிக்கோல் அடுக்கின் முதுகில் சிறு கொக்கி ஒன்று இருக்கும். கயிறு கட்டிய பொட்டலத்தைத் தூக்கவென்று அமைந்தது. இந்தக் கத்தியில் அந்த இடம் வெறுமையாக இருக்கிறது. கொக்கி உடைந்து விழுந்திருக்குமோ என்று விளக்கின் கீழே பிடித்துப் பார்த்தேன். உடைந்த அடையாளம் எதுவும் இல்லை, ஸ்பிரிங்கின் முதுகு முழுநீளமும் சீராகவே இருக்கிறது. விக்டோரினாக்ஸ் அந்தக் கொக்கியைச் சேர்த்தது 1991இல். ஆகவே இது அதற்கு முந்தைய ஹண்ட்ஸ்மேன் வடிவம் என்று கொள்ளலாம். ஒரு சீட்டில் அப்படியே எழுதிக் கத்தியோடு கட்டினேன்.

பற்குச்சியும் முள்வாங்கியும் இரண்டு அளவுகளில் விற்கின்றன. 58 மில்லிமீட்டர் சாவிக்கொத்துக் கத்திக்கு உரியவை சிறியவை. 91 மில்லிமீட்டருக்குப் பெரியவற்றையே கேட்டு வாங்கும்படி நண்பருக்கு எழுதிவிட்டேன். கீல்களில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, எல்லாக் கருவிகளையும் சில முறை திறந்து மூடிய பிறகு ரம்பமும் தடையின்றி வெளியே வருகிறது.