கொஞ்சூண்டு இரும்பு பண்ற வேலை

கரண்ட் விட்டுத் தண்ணியப் பிரிச்சு ஹைட்ரஜன் எடுக்கறதுன்னு பேச்சு வந்தாலே எல்லாரும் அந்த வினைய வேகப்படுத்தற கேட்டலிஸ்ட்டான பிளாட்டினத்தோட விலையத்தான் இழுப்பாங்க. நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நினைச்சிட்டு இருந்தேன், உள்ள போய் படிக்கப் படிக்கத்தான் தெரிஞ்சுது, பெரிய முட்டுக்கட்டை ஆக்சிஜன் வர்ற பக்கத்துல இருக்குன்னு. ஹைட்ரஜன் மூலக்கூறு ஒண்ணுக்கு ரெண்டு எலக்ட்ரான் போதும், ஆக்சிஜனுக்கு நாலு, அதுவும் படிப்படியா நகரணும், நடுவுல ஒரு படி கஷ்டமா இருந்தாலும் வோல்டேஜ ஏத்தித்தான் தள்ளணும். கணக்குப்படி 1.23 வோல்ட் போதும், ஆனா தண்ணியப் பிரிக்கிற மெஷினான எலக்ட்ரோலைசர் நிஜத்துல ஓடறது 1.8, 2 வோல்ட் பக்கம். அதனாலதான் 39 யூனிட்ல முடிய வேண்டிய ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு 50 யூனிட்டுக்கு மேல கரண்ட் போகுது.

அமிலச் சூழல்ல ஓடற மெஷின்ல ஆக்சிஜன் பக்கம் தாக்குப்பிடிக்கிறது இரிடியம்தான். அது உலகம் பூரா வருஷத்துக்கு 10 டன் கூட கிடைக்காது. இத நம்பி எவ்ளோ மெஷின் செய்ய முடியும் சொல்லுங்க!

காரத்துக்கு மாறினா நிக்கல் போதும். இங்கதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம் வருது. நிக்கல் நல்லா வேலை செய்யுதுன்னு நினைச்சா, பாதிப் பெருமை இரும்போடது! பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசல்ல கலப்படமா கிடக்கிற துளி இரும்பு நிக்கல் மேல ஏறி வேகத்தக் கூட்டுதுன்னு 1987லயே காரிகன்ங்கிற ஆராய்ச்சியாளர் காட்டிட்டார், கரைசல்ல இருந்து இரும்ப சுத்தமா எடுத்துட்டா நிக்கல் மந்தமாயிடுது. ஹைட்ரஜன் பக்கத்துக்கு பிளாட்டினத்துக்குப் பதிலா மாலிப்டினம் சல்பைடு இருக்கு, ஆனா அதுல தகட்டோட ஓரம்தான் வேலை செய்யும், நடுப்பரப்பு சும்மா கிடக்கும், அதனால ஓரத்தக் கூட்டறதுலயே ஆராய்ச்சி நிறைய போகுது.

புது கேட்டலிஸ்ட்னு எது வந்தாலும் வோல்டேஜ் எவ்ளோ குறைஞ்சுதுன்னு பார்க்கறதுக்கு முன்னாடி எத்தன மணி நேரம் ஓட்டினாங்கன்னுதான் நான் தேடுவேன். பத்து மணி நேர டெஸ்ட்ட வச்சு வருஷக்கணக்கா ஓட வேண்டிய மெஷினப் பத்தி என்ன சொல்ல முடியும்? நிக்கல்-இரும்புலயும் ஓட ஓட இரும்பு கரைஞ்சு வெளிய போகும். ஆனா கரைசல்லயே கொஞ்சம் இரும்பு விட்டு வச்சா போன இடத்துல திரும்ப வந்து உக்காந்துக்குது.