83ஆம் பக்கம்

நான் எழுதிய ஒரே புத்தகம் கண்மாய்களை, அதாவது பாசன ஏரிகளைப் பற்றியது. திருமங்கலம் பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளியில் தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்ற பிறகு, சுற்று வட்டாரத்தில் தண்ணீரைத் திறந்துவிடும் மடை, மிச்சத் தண்ணீர் வழியும் கலுங்கு, தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால் என்று அலைந்தேன். வயல்களுக்குத் தண்ணீரைப் பங்கிட்டு விடும் நீர்ப்பாய்ச்சி வேலை பார்த்த பெரியவர்களிடம் கேட்டதையெல்லாம் ஆறு நீள நோட்டுகளில் எழுதி வைத்தேன். அது முதலில் காகிதத்திலும் ஒன்றரை ஆண்டு கழித்து அமேசானின் மின்னூல் கடையான கிண்டிலிலும் வந்தது. இரண்டிலும் பட்ட பாட்டைச் சொன்னால், புத்தகம் போட நினைக்கும் யாருக்காவது பயன்படும்; பயன்படாவிட்டால் சிரிக்கவாவது ஆகும்.

மதுரையில் ஓர் அச்சகத்தில் கொடுத்தேன். டெம்மி அளவு, 300 பிரதி. அச்சகக் கணக்கெல்லாம் ஃபாரத்தில்தான் என்பது அங்கே போன பிறகுதான் தெரிந்தது. 16 பக்கம் ஒரு ஃபாரம். என் புத்தகம் 179 பக்கம் வந்து நின்றது. 11 ஃபாரத்துக்கு 176 பக்கம்; மீதி மூன்று பக்கத்துக்கு இன்னொரு ஃபாரம் ஏற்றினால் வெற்றுத்தாளுக்கும் சேர்த்துக் காசு. "மூன்று பக்கத்தைக் குறைத்துவிடுங்கள் சார்" என்றார் உரிமையாளர், தேங்காய்ச் சில்லைக் குறைக்கச் சொல்வதுபோல. எந்தக் கண்மாயைக் குறைப்பது? கடைசியில் என் முன்னுரையை வெட்டினேன். இன்றுவரை அதைக் காணோமே என்று ஒருவர்கூடக் கேட்டதில்லை.

மெய்ப்பு மூன்று முறை பார்த்தேன். புத்தகத்துக்கு அடையாளமான ஐஎஸ்பிஎன் எண்ணுக்கு ராஜா ராம்மோகன் ராய் பெயரிலுள்ள மத்திய அரசு முகமையில் இணையம் வழியாக விண்ணப்பித்தேன், காசு கிடையாது. சிலர் அதை வாங்கித் தருவதாகச் சொல்லிப் பணம் கேட்பார்கள், கொடுக்க வேண்டாம். 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி கொல்கத்தா தேசிய நூலகம், சென்னை கன்னிமாரா உள்ளிட்ட நூலகங்களுக்குப் பிரதி அனுப்ப வேண்டும். அனுப்பினேன். கன்னிமாராவில் என் பெயர் ஓர் அட்டவணையில் இருக்கும் என்ற நினைப்பு எனக்குத் தந்த கர்வத்தை மறைக்க விரும்பவில்லை.

கட்டுகள் வந்த அன்று வீடு முழுக்க மை வாசம். கட்டிலுக்கு அடியில் செங்கல் வைத்து, பலகை போட்டு அடுக்கினோம். கரையானுக்குப் பயந்து என் மனைவி வாரம் ஒருமுறை கட்டுகளை இழுத்துப் பார்ப்பாள். "கண்மாயைக் காப்பாற்றுகிறேன் என்று கிளம்பினீர்கள், இப்போது நான் காகிதத்தைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறேன்" என்பாள். விலை 200 ரூபாய். கடைக்காரர்கள் கேட்ட கழிவு 35 சதவீதம். தமுக்கத்தில் புத்தகத் திருவிழா நடந்தபோது ஓர் அரங்கில் 40 பிரதிகளை விற்றுத் தரச் சொல்லி வைத்தேன். 17 விற்றன. மீதி 23 முனை மடங்கித் திரும்பி வந்தன. விற்றதற்கான பணம் அடுத்த ஆடியில்தான் வந்தது, நான் ஏழு முறை போன் செய்த பிறகு.

ஆனால் கிராமங்களில் நடந்தது வேறு. புத்தகத்தில் வருகிற பெரியவர்களுக்கெல்லாம் நேரில் கொண்டுபோய்க் கொடுத்தேன். எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் தங்கள் கண்மாய் இருக்கும் பக்கத்தைக் கேட்டு, படத்தைத் தடவிப் பார்த்தார்கள். நீர்ப்பாய்ச்சிப் பெரியவர் ஒருவருக்கு வயது எண்பதைத் தாண்டிவிட்டது, இன்னும் கண்ணாடி போடாமல் படிக்கிறார். 83ஆம் பக்கத்தைத் திறந்தவர், அப்படியே நிறுத்தினார். "வாத்தியாரே, இது நடுமடை இல்லை. கடைமடை."

படத்துக்குக் கீழே தவறான பெயர். மூன்று மெய்ப்பிலும் நான்தான் பார்த்தேன். கடைமடைக்குத் தண்ணீர் போகவில்லை என்று ஒரு முழு அத்தியாயம் புலம்பிவிட்டு, அந்த மடைக்கே பெயரை மாற்றிப் போட்டிருக்கிறேன்.

அன்று கையிலிருந்தவை 212 பிரதிகள். பிழைதிருத்தச் சீட்டு அடித்து, மைதா பசை காய்ச்சி, நானும் மனைவியும் இரண்டு இரவுகள் உட்கார்ந்து ஒட்டினோம். ஏற்கெனவே போன பிரதிகளில் நடுமடை நடுமடையாகவே இருக்கிறது, கன்னிமாராவிலும்.

பெங்களூரில் இருக்கும் மகன்தான் மின்னூல் போடலாம் என்றான். கிண்டில் கடையில் தமிழ் 2016 கடைசியிலேயே வந்துவிட்டது என்றாலும், திரையில் படிப்பதை இளக்காரமாகப் பேசிவந்தவன் நான். அப்படிப் பேசியது நியாயமில்லை. புறநானூற்றின் 18ஆம் பாட்டில் குடபுலவியனார் பாண்டியன் நெடுஞ்செழியனுக்கு நீர்நிலை அமைக்கச் சொல்லும் இடத்தை நான் தேடி எடுத்தது அலமாரியில் இருந்து அல்ல, பழந்தமிழ் நூல்களை இணையத்தில் இலவசமாகத் தரும் மதுரைத் திட்டத்தின் மின்பதிப்பில் இருந்து. 1998 பொங்கலன்று தொடங்கிய அந்தத் திட்டத்துக்கு மதுரை என்பது பெயர் மட்டுமே. தட்டச்சு செய்தவர்கள் பல நாடுகளில் இருந்தார்கள், ஊதியம் வாங்காமல். அவர்கள் உழைப்பைத் தின்றுவிட்டு மின்னூலைப் பழிப்பது உண்ட வீட்டுக்கு இரண்டகம்.

சரி என்று அச்சகத்தில் கோப்பைக் கேட்டேன். பேஜ்மேக்கர் என்ற பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளில், பாமினி எழுத்துருவில் இருந்தது. மூன்று மெய்ப்புத் திருத்தமும் அதில்தான் இருக்கிறது. நோட்டுக்குத் திரும்பிப் போக வழியில்லை. பாமினி என்பது ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவத்தைப் பொருத்தி வைத்த பழைய ஏற்பாடு. அதை, தமிழ் எழுத்துகளுக்கே தனி இடம் உள்ள யூனிகோடுக்கு மாற்றினால்தான் கிண்டிலில் ஏறும். மாற்றும் செயலிக்கு எது தமிழ், எது நிஜமான ஆங்கிலம் என்று தெரியாது. கண்மாய்களின் கொள்ளளவை மில்லியன் கன அடியில் குறிக்க நான் நான்கு ஆங்கில எழுத்துகளைப் போட்டிருந்தேன். எம், சி, எஃப், டி. மாற்றி முடித்துப் பார்த்தால், புத்தகம் நெடுக "ஆஊகுவு". ஒரு கண்மாயின் கொள்ளளவு 42 ஆஊகுவு. மகன் போனில் சிரித்த சிரிப்பு அடங்கச் சிறிது நேரம் ஆனது.

சிரித்துவிட்டு அவன் வேலைக்குப் போய்விட்டான். நான் வரி வரியாக உட்கார்ந்தேன். அச்சில் வரி முடிவில் உடைத்த சொற்கள் நடுவரியில் சிறுகோட்டோடு கிடந்தன. இதைவிடப் பெரிய தலைவலி, "பக்கம் 83 காண்க" என்று நான் ஆங்காங்கே எழுதிவைத்தது. வாசகர் எழுத்தைப் பெரிதாக்கினால் பக்கம் மாறுகிற இடத்தில் 83 என்பதற்கு என்ன பொருள்? எல்லாவற்றையும் அத்தியாயப் பெயராக மாற்றி, சொல்லடைவைத் தூக்கி எறிந்தேன். ஒரு மாதம் ஓடியது. வெட்டுப்பட்ட முன்னுரையை மறுபடி சேர்த்துக்கொண்டேன். இங்கே ஃபாரக் கணக்கு இல்லையே.

பிறகு பணக் கணக்கு. விலை 99 ரூபாய் வைத்தேன். இந்திய விற்பனைக்கு 70 சதவீத உரிமைத்தொகை வேண்டுமானால் செலக்ட் என்ற திட்டத்தில் சேர வேண்டும். சேர்ந்தால் 90 நாளுக்கு மின்வடிவம் வேறெங்கும் இருக்கக் கூடாது. முன்னாள் மாணவர்கள் குழுவில் நானே போட்டுவைத்த இரண்டு அத்தியாயங்களை அவசரமாக நீக்கினேன். அந்த 70 சதவீதத்திலும் ஒரு முடிச்சு உண்டு. கோப்பின் கனத்துக்கு மெகாபைட்டுக்கு 7 ரூபாய் கழித்துக்கொள்வார்கள். என் மடைப் படங்களோடு கோப்பு 6 மெகாபைட் வந்தது. 42 ரூபாய் போக மீதி 57, அதில் 70 சதவீதம் என்றால் 40 ரூபாய்க்குப் பக்கம். படங்களைச் சுருக்கி ஒரு மெகாபைட்டுக்குக் கொண்டுவந்ததும் அது 64 ஆனது. காகிதத்தைத் தராசில் எடை போடும் ஊரில் வளர்ந்தவனுக்கு, படத்துக்கும் எடை உண்டு என்பது பிடித்திருந்தது. அமெரிக்க வரிப் படிவத்தில் பான் எண்ணைக் கட்டாயம் போடுங்கள். அந்நாட்டு விற்பனைக்கு 30 சதவீதம் பிடிக்கிற வரி, இரு நாட்டு ஒப்பந்தப்படி 15 ஆகக் குறையும்.

முதல் மாதத்துக்கான பணம் இரண்டு மாதம் கழித்து வங்கியில் விழுந்தது. 186 ரூபாய். ஒருமுறைகூடப் போன் செய்யவில்லை, அதுவாக வந்தது.

கிண்டில் அன்லிமிடெட் என்ற சந்தாத் திட்டத்தில் எடுத்துப் படிப்பவர்கள் எத்தனை பக்கம் படித்தார்கள் என்று நாள்தோறும் ஒரு வரைபடம் காட்டும். அதைப் பார்ப்பது எனக்குப் பழக்கமாகி, பிறகு வியாதியாகிவிட்டது. ஒரு நாள் 41 பக்கம். அடுத்த நாள் சுழியம். அதற்கடுத்தும் சுழியம். யாரோ ஒருவர் இரண்டாம் அத்தியாயத்தைத் தாண்டவில்லை. ஏன் நிறுத்தினார், தூக்கமா, என் நடை அவ்வளவு சலிப்பா? கேட்க ஆளில்லை. 83ஆம் பக்கத்தில் நிறுத்தியவரின் முகம் எனக்குத் தெரியும். இவருடைய ஊர்கூடத் தெரியாது. ஆனால் பணம் கொடுத்து அச்சுப் புத்தகம் வாங்கிய என் சம்பந்தி அட்டையைக்கூடத் திறக்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

மின்னூலில் கடைமடையைச் சரிசெய்ய எனக்குப் பிடித்தது பத்து நிமிடம். பசை இல்லை, சீட்டு இல்லை. சரிபார்ப்புக்கு 72 மணி நேரம் வரை ஆகலாம் என்றிருந்தது, மறுநாளே ஏறிவிட்டது. முன்பே வாங்கியவர்கள் கருவியில் அது தானாகப் போய் மாறிவிடும் என்று மட்டும் நம்ப வேண்டாம்.

போன மாதம் அந்தப் பெரியவரைப் பார்க்கப் போனேன், சீட்டு ஒட்டிய பிரதி ஒன்றோடு. திண்ணையில் உட்கார்ந்து 83ஆம் பக்கத்தைத் திறந்தார். சீட்டை விரலால் நீவினார். பிறகு என் சட்டைப்பையில் இருந்த பேனாவை அவராகவே எடுத்து, சீட்டில் இருந்த கடைமடையையும் அடித்து, பக்கத்தில் நடுங்கிய எழுத்தில் "ஆலமடை" என்று எழுதினார்.

"கடைமடை என்றீர்களே?"

"கடைசியில் இருக்கிற மடை என்று சொன்னேன். அதற்குப் பெயர் ஆலமடை. கரையில் ஆலமரம் நின்றது, எங்கள் அப்பா காலத்தில்."

அந்தப் பிரதியை நான் வைத்துக்கொண்டு புதிது தருகிறேன் என்றேன். தர மறுத்துவிட்டார். செல்போனில் அந்தப் பக்கத்தைப் படம் எடுத்துக்கொண்டு வந்து, இரவே கோப்பைத் திறந்து ஆலமடை என்று மாற்றி ஏற்றினேன். கட்டிலுக்கு அடியில் இன்னும் 64 பிரதிகள் இருக்கின்றன. பசை காய்ச்ச வேண்டும் என்று மனைவியிடம் இன்னும் சொல்லவில்லை.