பாம்புக்கடி பற்றிப் பேச டிவிக்குப் போன கதை

முதல் முறை நான் கேமரா முன்னால் ஐந்து நிமிடம் பேசினேன். செய்தியில் வந்தது பத்து நொடி.

டெல்டா பக்கம் ஓர் அரசு மருத்துவமனையில் பொது மருத்துவராக இருக்கிறேன். அறுவடை நேரம். பாம்புக்கடி வந்துகொண்டே இருந்தது. ஒரு சேனல்காரர்கள் வார்டு வாசலுக்கே வந்து மைக்கை நீட்டினார்கள். "கடிவாய்க்கு மேல கயிறு, துணின்னு கெடச்சத வெச்சு இறுக்கிக் கட்டுவாங்க. விஷம் மேல ஏறக்கூடாதுன்னு அப்படிச் செய்வாங்க. ஆனா அது தப்பு" என்றேன். ராத்திரி பார்த்தால், "அப்படிச் செய்வாங்க" என்பதோடு வெட்டிவிட்டு அடுத்த செய்திக்குப் போய்விட்டார்கள். நான் கட்டச் சொன்னது மாதிரியே இருந்தது. அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்த மாதமே ஒருவரைக் கால் நீலம் பாரிக்கக் கட்டி, பைக்கில் நடுவில் உட்காரவைத்துக் கொண்டுவந்தார்கள். டிவி பார்த்துக் கட்டியதா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

யோசித்துப் பார்த்ததில் எனக்கு ஒன்று புரிந்தது. நம் மொழியில் வினை கடைசியில்தான் வரும். கூடாது, வேண்டாம், இல்லை எல்லாம் வாக்கியத்தின் வாலில் தொங்கும். நேரில் பேசும்போது எதிராளி வால் வரைக்கும் காத்திருப்பார். டிவியில் அது வரும் முன்னால் வெட்டுவார்கள், அல்லது பார்ப்பவர் அடுப்பைப் பார்க்க எழுந்து போயிருப்பார். எனவே தப்பை விவரித்துவிட்டுக் கடைசியில் மறுப்பது டிவிக்கு ஆகாது. "கட்டாதீங்க." இதுதான் முதல் வாக்கியம். ஏன் என்பது அடுத்த வாக்கியம். தவறான பழக்கத்தை முழுசாக விளக்கவே வேண்டாம், அது ஊருக்கே தெரியும்.

2024 நவம்பரில் தமிழ்நாடு அரசு பாம்புக்கடியை அறிவிக்கை செய்ய வேண்டிய நோயாக, அதாவது மருத்துவமனைகள் அரசுக்குத் தெரிவித்தே ஆக வேண்டிய நோயாகச் சேர்த்தது. அதற்குப் பிறகுதான் சென்னையிலிருந்து ஒரு காலை நிகழ்ச்சிக்குக் கூப்பிட்டார்கள். நேரலை, நேயர்கள் போன் செய்வார்கள் என்றார்கள். நேரலை என்றதும் நிம்மதிதான் வந்தது, அதில் வெட்ட முடியாது. கண்காணிப்பாளரிடம் சொல்லி, எழுத்தில் அனுமதி வாங்கிய பிறகே சரி என்றேன். நிகழ்ச்சித் தயாரிப்பாளரிடம் போனில் சில விஷயங்கள் கேட்டுக்கொண்டேன்: விளம்பரம் போக எத்தனை நிமிடம், கூட யார் உட்காருவார்கள், திரையில் அடியில் என்ன எழுதுவார்கள். விளம்பரம் போக பன்னிரண்டு நிமிடம். அடியில் ஓடவிருந்த தலைப்பு "பாம்பு கடித்தால் பிழைக்க முடியுமா?" என்றிருந்தது. "பாம்பு கடித்தால் என்ன செய்யணும்?" என்று போடுங்கள், சத்தத்தைக் குறைத்துவிட்டுப் பார்ப்பவருக்கும் உதவும் என்றேன். மாற்றினார்கள். கேட்டால் மாற்றுவார்கள் என்பதே எனக்கு அதுவரை தெரியாது.

அப்புறம் எழுத உட்கார்ந்தேன். முதல் நாள் நாலு பக்கம் வந்தது. 2017-ல் உலக சுகாதார நிறுவனம் பாம்புக்கடியைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களில் சேர்த்தது, விஷமுறிவு மருந்துக்கான விஷத்தைச் சென்னை அருகே வடநெம்மேலியில், 1978-ல் தொடங்கிய இருளர் பழங்குடியினர் கூட்டுறவுச் சங்கத்தினர் எடுத்துத் தருவது, அந்த விஷத்தைக் குதிரைக்குச் சிறுகச் சிறுகச் செலுத்தி மருந்து தயாரிப்பது. எல்லாமே எனக்குப் பிடித்த விஷயங்கள். வார்டில் வேலை பார்க்கும் அக்காவை எதிரே உட்காரவைத்துப் படித்துக் காட்டினேன். அவர் வீட்டிலேயே ஒருவரைப் பாம்புக்குக் கொடுத்தவர்.

முழுசாகக் கேட்டுவிட்டு, "நல்லாத்தான் இருக்கு டாக்டரம்மா. ஆனா எங்க அண்ணனக் கடிச்ச அன்னிக்கு இதுல எது எங்களுக்கு உதவியிருக்கும்?" என்று கேட்டார்.

நாலு பக்கத்தையும் மடித்து வைத்துவிட்டேன். அன்றிலிருந்து தினமும் பணி முடிந்ததும் பத்து நிமிடம் அக்காதான் எனக்குத் தொகுப்பாளர். "முதலுதவி" என்று ஆரம்பித்தால் கையை உயர்த்துவார். "அசைவின்றி வைத்திருத்தல்" என்றால் கையை உயர்த்துவார். "கடிச்ச கால ஆட்டாதீங்க, நடக்க விடாதீங்க" என்றால்தான் தலையாட்டுவார். "அணிகலன்களை அகற்றவும்" என்பது "மோதிரம், வளையல், மெட்டி, கொலுசு எல்லாத்தையும் உடனே கழட்டுங்க, அப்புறம் வீங்கிடும்" என்று ஆனது. கீறக்கூடாது, வாய் வைத்து உறிஞ்சக்கூடாது என்பதை "கீறாதீங்க, உறிஞ்சாதீங்க, கட்டாதீங்க" என்று ஒரே மூச்சில் சொல்லப் பழகினேன். பிறகு "108-க்குப் போன் போடுங்க." இவ்வளவுதான் சாரம். மீதமெல்லாம் கேட்டால் சொல்வதற்கு.

கட்டுவிரியனுக்கு மட்டும் தனியாக நேரம் ஒதுக்கினேன். நாகம் கடித்தாலும் கண்ணாடி விரியன் கடித்தாலும் வலியும் வீக்கமும் ஆளைக் கிளப்பிவிடும். கட்டுவிரியன் பெரும்பாலும் ராத்திரியில், தரையில் படுத்திருப்பவரைக் கடிக்கிறது. பல்தடம்கூடச் சரியாகத் தெரியாது, வலி இருக்காது. விடியற்காலையில் வயிற்றுவலி என்று எழுந்திருப்பார், இமையைத் தூக்க முடியாது, வாய் குழறும். அஜீரணம் என்று சோடா வாங்கிக் கொடுத்துவிட்டுப் பொழுது விடியக் காத்திருப்பார்கள். இது ஒன்றையாவது டிவி பார்க்கிற பத்துப் பேர் மனதில் ஏற்றிவிட வேண்டும் என்று எனக்கு ஒரு வெறியே இருந்தது.

நாட்டுவைத்தியரைப் பற்றிக் கேட்டால் என்ன சொல்வது என்பதற்கு இரண்டு நாள் ஆனது. மூடநம்பிக்கை என்று ஒரு சொல் சொன்னால் போதும், யாருக்குப் போய்ச் சேர வேண்டுமோ அவர்கள் சேனலை மாற்றிவிடுவார்கள். ஊரில் அவர் மரியாதைக்குரிய மனிதர். கடைசியில், "அவரே உங்களை ஆஸ்பத்திரிக்கு அனுப்பட்டும்னு கேட்டுக்கிறேன்" என்று வைத்துக்கொண்டேன்.

உடை விஷயத்தில் எனக்குத் தெரியாதது நிறைய இருந்தது. கட்டவிருந்தது பச்சைப் புடவை. அங்கே பின்னணி பச்சைத் திரை, அந்த நிறத்தில் உடுத்தினால் புடவை இருக்கும் இடத்தில் பின்னணிப் படம் தெரியும் என்றார்கள். நெருக்கமான கோடு போட்டதும் திரையில் நெளியுமாம். பட்டு, மைக்கில் சரசரக்கும். சாயம் போகாத நீலக் காட்டன் புடவை, கண்ணாடி வளையல் இல்லாத கை, சின்னத் தோடு என்று முடிவு செய்தேன். வெள்ளைக் கோட்டும் ஸ்டெதாஸ்கோப்பும் போட்டு வரச் சொன்னார்கள், மறுத்துவிட்டேன். பக்கத்து வீட்டுப் பெண் பேசுவது போல இருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

கைப்பையில் இரண்டு பொருள் எடுத்துக்கொண்டேன். ஒன்று காலி விஷமுறிவு மருந்துக் குப்பி, கம்பெனிப் பெயர் தெரியாமல் வெள்ளை பிளாஸ்திரி ஒட்டியது. இன்னொன்று கண்ணாடிச் சோதனைக் குழாய்.

ராத்திரி ரயிலில் போய் இறங்கி, இட்லி சாப்பிட்டுவிட்டே ஸ்டுடியோவுக்குப் போனேன். ஏசி எலும்பைத் துளைத்தது. குளிர்ந்த தண்ணீர் தந்தார்கள், தொண்டை கட்டும் என்று வெந்நீர் கேட்டு வாங்கினேன். நாற்காலி சுழலும் வகை. பதற்றத்தில் ஆடிக்கொண்டே இருப்பேன் என்று தெரியும், சாதா நாற்காலி போடச் சொன்னேன். மைக் மாட்டிய பெண், "இனிமே நீங்க பேசுறதெல்லாம் உள்ள கேக்கும் மேடம்" என்றார். நல்ல வேளை சொன்னார். அந்த நேரம் பார்த்து ஒரு நோயாளியைப் பற்றி வார்டிலிருந்து அழைப்பு வந்தது, மைக்கை அணைக்கச் சொல்லிவிட்டு வெளியே போய்ப் பேசிவிட்டு வந்தேன். எங்கே பார்க்க வேண்டும் என்றும் கேட்டேன். தொகுப்பாளர் கேட்டால் அவரைப் பாருங்கள், நேயர் கேட்டால் சிவப்பு விளக்கு எரியும் கேமராவைப் பாருங்கள் என்றார்கள்.

முதல் கேள்வியே "வருஷத்துக்கு எத்தனை பேர் சாகிறார்கள்?" 2000 முதல் 2019 வரையிலான ஆய்வொன்றின்படி இந்தியாவில் ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர். அதை அப்படியே சொல்லாமல், "ஒரு நாளைக்கு 150 பேருக்கு மேல, அதுல நிறையப் பேரைக் காப்பாத்த முடியும். அதுக்கு மொதல்ல கட்டாதீங்க" என்று பிடித்துக்கொண்டேன். வாய் உலர்ந்திருந்தது, ஆனால் சொல் தடுமாறவில்லை. அக்கா முன்னால் அத்தனை முறை சொல்லியிருந்தேன்.

சோதனைக் குழாயைக் காட்டியபோதுதான் ஸ்டுடியோவே அமைதியானது. "ரெண்டு மில்லி ரத்தம் எடுத்து, 20 நிமிஷம் அசைக்காம வெப்போம்" என்று குழாயை நிமிர்த்திப் பிடித்தேன். "அப்புறம் இப்படிச் சாய்ப்போம்." மெதுவாகச் சாய்த்தேன். "ரத்தம் உறைஞ்சிருந்தா அப்படியே நிக்கும். தண்ணி மாதிரி ஓடினா விஷம் ரத்தத்துல வேலை பாக்குதுன்னு அர்த்தம்." கேமராக்காரர் கிட்டே வந்து அந்தக் குழாயை மட்டும் திரை முழுக்கக் காட்டினார். காலிக் குழாய்தான். ஆனால் எல்லாரும் அதற்குள் ரத்தத்தைப் பார்த்தார்கள்.

மூன்றாவதாகப் பேசிய அம்மா, "வேப்பெலை குடுத்து, கசக்கலன்னா விஷம்னு பாக்குறோமே, அது சரியா?" என்று கேட்டார். இதை நான் எழுதி வைக்கவில்லை. சிவப்பு விளக்கைப் பார்த்து, "வேப்பிலை குடுக்காதீங்கம்மா. மிளகாயும் வேண்டாம். கசந்தாலும் கசக்காட்டியும் உடனே ஆஸ்பத்திரிதான். அத மென்னு பாக்குற நேரத்துல பாதி தூரம் வந்துரலாம்" என்றேன். "சரிம்மா, எங்க தெருவுல சொல்லிடறேன்" என்று வைத்தார்.

கட்டுவிரியன் பற்றிப் பேச மூன்று நிமிடம் கிடைத்தது. இருளர் சங்கத்தைப் பற்றி ஒரு வாக்கியம்கூடச் சொல்ல முடியவில்லை, அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது.

மறுநாள் பணிக்கு வந்ததும் அக்காவைத்தான் தேடிப் போனேன். குடும்பத்தோடு உட்கார்ந்து பார்த்திருக்கிறார். "வேப்பெலைக்குச் சொன்னது சரியான பதில் டாக்டரம்மா. மெட்டி, கொலுசும் நல்லா வெளங்குச்சு. ஆனா 108-ங்கறத ரெண்டு தடவதான் சொன்னீங்க. எங்க நாத்தனார் பாதியிலதான் பாக்க ஒக்காந்தா, அவ காதுல அது விழவே இல்ல."

அடுத்து வானொலியில் கூப்பிட்டிருக்கிறார்கள். குறிப்புத் தாளில் மேலே, நடுவில், கீழே என்று மூன்று இடத்தில் 108 எழுதி வைத்திருக்கிறேன்.