மிக்சிச் சத்தமும் சேவல் வாலும்

கன்னியாகுமரிக்காரர்கள் சூரிய உதயம் பார்க்கப் போவதில்லை என்பார்கள். நானும் அப்படித்தான், அமெரிக்காவில் வாஷிங்டன் ஏரிக்கு இக்கரையில் பெல்வியூவில் பதினோரு வருடம் குடியிருந்தும், ஒவ்வோர் ஆகஸ்ட் மாதத் தொடக்கத்திலும் அக்கரையில் சியாட்டில் நகரம் நடத்துகிற சீஃபேர் விழாவின் ஹைட்ரோபிளேன் பந்தயத்தை, அதாவது தண்ணீரை உரசியபடி பாயும் அதிவேகப் படகுகளின் பந்தயத்தை, ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. பார்க்க வைத்தவர் என் மாமனார். பூங்கா, மால், கோவில், மறுபடியும் பூங்கா என்று இரண்டு மாதம் பொறுமையாக எங்களோடு சுற்றிய அவர், "மாப்பிள்ளை, இந்த ஊரில் இன்ஜின் சத்தம் கேட்கிற மாதிரி ஓர் இடம்கூடவா கிடையாது?" என்று கேட்டுவிட்டார். தென்காசிப் பக்கம் நாற்பது வருடம் கிணற்றில் ஆயில் இன்ஜின் ஓட்டியவர். இரண்டு வயல் தள்ளி ஓடுகிற இன்ஜினின் சத்தத்தைக் கேட்டே அதற்கு என்ன கோளாறு என்று சொல்லக்கூடியவர்.

நியாயமாகப் பார்த்தால் ஏரியின் மேலுள்ள மிதக்கும் பாலத்தைக் கடந்தால் போதும், பந்தய இடம் வந்துவிடும். ஆனால் அதே விழாவில் கடற்படையின் புளூ ஏஞ்சல்ஸ் விமானங்கள் சாகசம் செய்வதால், அவை பறக்கும் நேரங்களில் அந்தப் பாலத்தை அப்போதெல்லாம் மூடிவிடுவார்கள் என்பதை நான் பாலத்துக்கு அருகில் போன பிறகுதான் தெரிந்துகொண்டேன். ஏரியைத் தெற்கே ரென்டன் வழியாகச் சுற்றி, எங்கோ ஒரு சந்தில் காரை நிறுத்தி, பேருந்து பிடித்து, தயிர்சாதப் பாத்திரத்தோடு கரையில் போய் உட்கார்ந்தபோது மணி பதினொன்று. மாமா எதுவும் சொல்லவில்லை. கைக்கடிகாரத்தை மட்டும் இரண்டு முறை பார்த்தார்.

முதல் சுற்றுப் போட்டி எங்களை முழுமையாக ஏமாற்றியது. ஓட்டப்பந்தயம்போல எல்லாப் படகுகளும் வரிசையாக நின்று புறப்படும் என்று நான் விளக்கி வைத்திருந்தேன். இங்கோ ஐந்தாறு படகுகள் தண்ணீரில் அங்குமிங்கும் திரிந்துகொண்டிருந்தன. இரண்டாவது தடவையாக "எப்போது ஆரம்பிப்பார்கள்?" என்று மாமா கேட்பதற்குள் எல்லாம் எங்களைக் கடந்து பாய்ந்துவிட்டன. ஒரு பெரிய கடிகாரம் பூஜ்யத்தைத் தொடுகிற அதே கணத்தில், ஏற்கெனவே வேகமெடுத்து வருகிற படகுகள் தொடக்கக் கோட்டைத் தாண்ட வேண்டும், ஒரு நொடி முந்தினாலும் தண்டனை என்பதெல்லாம் பக்கத்து மடக்கு நாற்காலியில் இருந்த வெள்ளைக்காரப் பெரியவர் பிறகு சொல்லித்தான் தெரிந்தது. நேர்ப்பாதையில் மணிக்கு 200 மைல் வரை போகக்கூடிய படகுகளுக்கு இரண்டு மைல் நீளமுள்ள சுற்று எம்மாத்திரம்? மூன்று சுற்றும் மூன்று நிமிடத்துக்குள் முடிந்தன. அடுத்த போட்டிக்கு நெடுநேரம் ஆகும் என்றார்கள்.

"தண்ணீர் தெறிப்பதெல்லாம் பிரமாதம். சத்தம்தான் மிக்சி மாதிரி இருக்கிறது" என்றார் மாமா.

நான் இதை மொழிபெயர்த்துச் சொன்னதும் அந்தப் பெரியவர் நாற்காலியோடு எங்கள் பக்கம் திரும்பிவிட்டார். நாற்பது வருடமாக அவர் சொல்லத் தேடிக்கொண்டிருந்த உவமை அதுதானாம். இரண்டாம் உலகப் போர் முடிந்து மலிவாகக் கிடைத்த போர்விமான இன்ஜின்கள், அதாவது அலிசனும் ரோல்ஸ் ராய்ஸ் மெர்லினும், ஒரு காலத்தில் இந்தப் படகுகளில் பொருத்தப்பட்டிருந்தன. பன்னிரண்டு சிலிண்டர்கள் ஒன்றாக முழங்கியதால்தான் அவற்றுக்கு இடிப்படகு என்று பெயரே வந்தது. 1980களில் சினூக் ஹெலிகாப்டரின் டர்பைன் இன்ஜின் வந்து, வேகத்தைக் கூட்டி, முழக்கத்தைச் சீழ்க்கையாக மாற்றிவிட்டது.

அதன் பிறகு இருவருக்கும் நடுவில் நான் வெறும் மொழிபெயர்ப்பு இயந்திரம் ஆனேன். ஸ்டான் சேயர்ஸ் என்ற கார் வியாபாரியின் ஸ்லோ-மோ-ஷன் 4 என்ற படகு 1950இல் இதே ஏரியில் 160 மைல் வேகத்தில் ஓடி உலக சாதனை படைத்தது. அதே ஆண்டு டெட்ராய்ட்டுக்குப் போய்த் தங்கக் கோப்பை என்ற பெரிய படகுப் பந்தயத்தை வென்று, அடுத்த ஆண்டுப் பந்தயத்தையே சியாட்டிலுக்குக் கொண்டுவந்தது. படகின் முன்பக்கத்து இரண்டு மிதவைகளும், பாதி மட்டும் முங்கியிருக்கிற விசிறியும் தவிர படகின் உடல் தண்ணீரைத் தொடாமல் பறக்கிற வித்தை அது. பின்னால் எழும்பும் நீர்த்தோகைக்குச் சேவல் வால் என்று பெயர். அப்போது இந்த ஊரில் பெரிய கூடைப்பந்து, பேஸ்பால், அமெரிக்கக் கால்பந்து அணிகள் எதுவும் கிடையாது. கூடைப்பந்து 1967இல்தான் வந்தது, கால்பந்து 1976இல், நிலைத்து நின்ற பேஸ்பால் அணி 1977இல். அதுவரை ஊருக்கு இருந்த ஒரே பெருமை இந்தப் படகுகள்தான். சிறுவர்கள் மரப்பலகையில் படகு செய்து, சைக்கிளுக்குப் பின்னால் கயிற்றில் கட்டித் தெருத்தெருவாக இழுத்துத் திரிவார்களாம்.

"நாங்கள் நுங்கு வண்டி ஓட்டியதைச் சொல்லுங்கள் மாப்பிள்ளை" என்று மாமா உத்தரவிட்டார். நுங்கு என்றால் என்ன என்று ஆங்கிலத்தில் விளக்கி முடிப்பதற்குள் இரண்டாவது போட்டியும் முடிந்துவிட்டது.

இண்டியானாவில் ஒஹையோ ஆற்றங்கரையில் உள்ள மேடிசன் என்ற சிற்றூர், ஊர்ப்பொதுவில் ஒரு படகை வைத்துக்கொண்டு, 1971இல் தன் சொந்தக் கரையிலேயே தங்கக் கோப்பையை வென்ற கதையையும் பெரியவர் சொன்னார். மாமாவுக்கு அது சட்டென்று விளங்கிவிட்டது. "நம் ஊர்த் தேர் மாதிரி" என்றார். அதற்கு நேர்மாறாக, பல பட்டங்களை வாரிக் குவித்த மிஸ் பட்வைசர் படகு, அதற்குப் பெயரும் பணமும் கொடுத்துவந்த மதுபான நிறுவனம் 2004ஆம் ஆண்டுப் போட்டிகளோடு விலகியதும் களத்திலிருந்தே மறைந்தது. 1955இல் ஒரு படகு தகுதிச்சுற்று ஓட்டத்தில் காற்றில் ஒரு முழுக் குட்டிக்கரணம் அடித்து நிமிர்ந்தே வந்து விழுந்ததைச் சொல்லும்போது மட்டும் பெரியவர் குரலைத் தாழ்த்தினார். இப்போது எஃப்-16 விமானத்தின் கண்ணாடிக் கூண்டுக்குள் ஓட்டுநர் உட்காருகிறார் என்றாலும், படகு கவிழும்போதெல்லாம் கரை முழுவதும் மூச்சைப் பிடித்துக்கொண்டு, "ஓட்டுநர் நலமாக இருக்கிறார்" என்ற அறிவிப்புக்காகத்தான் காத்திருக்குமாம்.

பிற்பகலில் புளூ ஏஞ்சல்ஸ் வந்தபோதுதான் கூட்டத்தின் உண்மையான நிலவரம் தெரிந்தது. அதுவரை ஏரிக்கு முதுகைக் காட்டிப் படுத்திருந்தவர்கள்கூட எழுந்து நின்று வானத்தைப் பார்த்தார்கள். விமானங்கள் போனதும் ஐஸ் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு கூட்டத்தில் கணிசமானோர் கிளம்பிவிட்டார்கள். இறுதிப்போட்டி அதன் பிறகுதான். கல்யாண வீட்டில் பந்தி முடிந்ததும் தாலி கட்டுவதற்குள் கூட்டம் கலைவதைப்போல இருந்தது அது.

இடையில், கென்ட்டில் உள்ள படகு அருங்காட்சியகத்தார் செப்பனிட்டு வைத்திருக்கிற பழைய படகு ஒன்றை வெள்ளோட்டம் விட்டார்கள். இன்ஜின் முதலில் இரண்டு முறை இருமியது, கரும்புகையைத் துப்பியது, பிறகு பிடித்துக்கொண்டது. அந்த முழக்கம் காதில் கேட்பதற்கு முன்பே மடியில் இருந்த எவர்சில்வர் மூடியில் கடகடவென்று அதிர்ந்தது. மாமா எழுந்து நின்றார். பெரியவரும் எழுந்து நின்றார். படகு இரண்டாவது முறை எங்களைக் கடந்தபோது மாமா கண்ணை மூடிக்கொண்டு, "ஒரு சிலிண்டர் சரியாக அடிக்கவில்லை" என்றார். நான் மொழிபெயர்த்தேன். பெரியவர் மாமாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

இறுதிப்போட்டியைப் பற்றி என்னிடம் கேட்காதீர்கள். நான் எலுமிச்சைச் சாறு வாங்க வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். மூன்று கோப்பைகளோடு திரும்பியபோது, முதலில் வந்த படகு தொடக்கக் கோட்டை முந்திக் கடந்ததால் தண்டிக்கப்பட்டுவிட்டது என்றும், வென்றது வேறொரு படகு என்றும், ஒரு பொதுமொழியும் இல்லாத இருவரும் கைஜாடையிலேயே எனக்கு விளக்கினார்கள்.

அடுத்த வாரம் கராஜில் கிடந்த அலமாரிப் பலகை ஒன்று காணாமல் போனது. ஞாயிறு காலை தெருவில் கடகடவென்று சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தேன். என் மகன் சைக்கிளை மிதிக்க, பின்னால் கயிற்றில் இழுபட்டு வந்த பலகைப் படகு எங்கள் வீட்டு வளைவில் குப்புறக் கவிழ்ந்தது. பையனும் புல்தரையில் உருண்டான். பதறி ஓடிய என் மனைவியைக் கையமர்த்திவிட்டு, வாசற்படியிலிருந்து மாமா உரத்த குரலில் அறிவித்தார்: "ஓட்டுநர் நலமாக இருக்கிறார்."