35 என்று நினைத்திருந்தது 37 ஆக இருந்தது

சிங்கப்பூரில் நாங்கள் வசிக்கும் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டின் வரவேற்பறையில் ஆறு ஆண்டுகளாக இருந்த மூன்றடிக் கடல்நீர்த் தொட்டியிலிருந்து, மீன்களையும் பவளங்களையும் நான்கடித் தொட்டி ஒன்றுக்கு மாற்றி மூன்று மாதங்கள் ஆகின்றன. பழையது 182 லிட்டர் கொள்ளும். புதியது விளிம்புவரை நிரம்பினால் 432 லிட்டர். உயிரினங்களை மாற்றும் வேலை ஒரே ஞாயிற்றுக்கிழமையில் முடிந்தது. அதற்கான ஆயத்தம் ஐந்து வாரங்கள் பிடித்தது.

அந்த ஐந்து வாரங்களும் பாக்டீரியாவுக்காகக் காத்திருந்த காலம். மீன் வெளியேற்றும் அமோனியாவை நைட்ரைட்டாகவும், பின்னர் நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் பெரும்பாலும் நீரில் மிதப்பவை அல்ல. பாறையிலும் மணலிலும் ஒட்டி வாழ்பவை. ஆகவே பழைய தண்ணீரைக் குடம் குடமாகச் சுமந்து வந்து ஊற்றுவதால் பெரிய பயன் இல்லை. பழைய சம்ப்பில் (தொட்டி நீரை வடிகட்டும் துணைத் தொட்டியில்) கிடந்த, பாக்டீரியா குடியேறிய உயிர்ப்பாறைகளில் ஆறு கிலோவைப் புதுத் தொட்டியின் சம்ப்பில் வைத்துவிட்டு, அமோனியாக் கரைசலைச் சிறிது சிறிதாக விட்டுச் சோதித்துவந்தேன். லிட்டருக்கு 2 மில்லிகிராம் அமோனியா 24 மணி நேரத்துக்குள் மறைந்து, நைட்ரைட்டும் சுழியமான பிறகுதான் நாள் குறித்தேன். பழைய மணலை எடுத்துவரவில்லை. ஆண்டுக்கணக்கில் அசையாத மணலின் அடியில் அழுக்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடும் தேங்கியிருக்கும் என்பதால், அதைக் கிளறிப் புதுத் தொட்டியில் கொட்ட எனக்குத் துணிவில்லை.

குறித்த நாளுக்கு மூன்று நாள் முன்பு, உப்பளவு பார்க்கும் ரிஃப்ராக்டோமீட்டரைச் சரிபார்த்துக்கொள்ளலாம் என்று, ஆயிரத்தில் 35 பங்கு என அளவிட்ட திரவம் ஒரு குப்பி வாங்கினேன். அதுவரை தூய நீரை விட்டுச் சுழியம் காட்டுகிறதா என்று மட்டுமே பார்த்துவந்தேன். சுழியம் சரியாக இருந்தும் 35 தவறாக இருக்கலாம் என்பது அன்றுதான் தெரிந்தது: கருவி 33 என்று காட்டியது. திருகைத் திருப்பி 35க்குக் கொண்டுவந்து, புதுத் தொட்டி நீரையும் அதற்கேற்பத் திருத்திவிட்டு, கடமை முடிந்தது என்று படுக்கப் போனேன். பழைய தொட்டியைத் திருத்திய கருவியால் அளக்க வேண்டும் என்று தோன்றவே இல்லை.

ஞாயிறு காலை அக்காள் மகன் உதவிக்கு வந்தான். முதலில் நீரோட்டப் பம்புகளை நிறுத்திவிட்டுப் பவளங்கள் சுருங்கும்வரை காத்திருந்தோம். டார்ச் பவளம் போன்ற சதைப்பற்றுள்ளவற்றை விரிந்த நிலையிலேயே நீரைவிட்டுத் தூக்கினால், சதையின் எடையே அதைக் கிழித்துவிடும். பவளத்தின் உறவினமான சோவாந்திட்கள் சிலவற்றில் பேலிடாக்சின் என்ற கடும் நஞ்சு இருப்பதால், அவற்றைத் தொடக் கையுறையும் கண்ணாடியும் அணிந்தோம். (அவன் முதலில் சிரித்தான், நஞ்சைப் பற்றி விளக்கியதும் தானாகவே அணிந்துகொண்டான்.) கடல் சாமந்தியை (சீ அனிமோனை) பிய்த்தெடுக்க முயலாமல், அது பற்றியிருந்த கல்லோடு சேர்த்தே எடுத்தோம், கோமாளி மீன்கள் இரண்டும் வலையை விரட்ட வந்து, தாமாகவே பிடிபட்டன. கற்களை அகற்றி நீர்மட்டத்தைக் கணுக்கால் அளவுக்கு இறக்கிய பின்னரே மற்ற மீன்களைப் பிடித்தோம். கல் இருக்கும்போது மஞ்சள் டாங் மீனைத் துரத்துவது வீண் வேலை. வாளிகள் அனைத்தையும் காற்றுக் குமிழி விடும் காற்றுக்கல் போட்டு, மூடி, குளிர்சாதனம் ஓடும் அறையில் வைத்தோம்.

வழக்கத்தின் காரணமாகவே ஒரு வாளியின் நீரை அளந்தேன். கருவி 37 காட்டியது. நீர் ஆவியாகியிருக்கும் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் தானியங்கியாக நன்னீர் நிரப்பும் கருவி முந்தைய இரவுவரை ஒழுங்காக ஓடியிருந்தது. திருத்துவதற்கு முன் அந்த மீட்டர் எத்தனை காலம் 37ஐ 35 என்று சொல்லிவந்ததோ, அத்தனை காலமும் என் உயிரினங்கள் 37இல் வாழ்ந்திருந்தன. மீட்டரைச் சரிசெய்ததால் இரு தொட்டிகளுக்கும் இடையே வேறுபாடு உண்டாகிவிட்டது.

புதுத் தொட்டியின் உப்பைக் கூட்டிவிடலாமா என்று யோசித்தோம். அப்போதுதான் கரைத்த உப்பு நீரில் எதையும் விட எனக்கு விருப்பமில்லை. கடல்மீன் தன் இரத்தத்தின் உப்பைக் கடல்நீரின் மூன்றில் ஒரு பங்கு அளவில் தானே காத்துக்கொள்வது. உப்பளவு சற்று இறங்குவதை அது எளிதில் தாங்கும். நட்சத்திர மீன், பவளம் ஆகியவற்றின் உடல்நீரோ சுற்றியுள்ள கடல்நீரைப் போன்றதே என்பதால், திடீர் மாற்றம் நேராக அவற்றைத் தாக்கும். எனவே மீன்களுக்கு அரை மணி நேரம் போதும் என்றும், மற்றவற்றுக்குச் சொட்டுச் சொட்டாகவே நீர் விடுவது என்றும் முடிவுசெய்தோம். மெல்லிய குழாயில் முடிச்சிட்டுப் புது நீரை ஒழுகவிட்டு, வாளி நீர் இருமடங்கானதும் பாதியை ஊற்றிவிட்டு மீண்டும் தொடங்கினோம். இரண்டு சுற்றில் உப்பளவு 35.5க்கு வந்தது, பிற்பகல் நான்கு மணியும் ஆகிவிட்டது. இடத்தைப் பிடித்துவைத்துக்கொண்டு மற்றவற்றை விரட்டும் என்பதால் மஞ்சள் டாங்கை எல்லாவற்றுக்கும் கடைசியாக விட்டேன்.

நத்தைகளில் இரண்டு மறுநாளே செத்தன. மீன்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. தோல் பவளம் ஒன்பது நாள் மூடிக்கிடந்து, மெழுகுப் படலம் போன்ற தோலை உரித்துவிட்டு விரிந்தது. புது எல்.இ.டி. விளக்கை 40 விழுக்காட்டில் தொடங்கி வாரந்தோறும் சிறிது கூட்டினேன். இரண்டாம் வாரத்தில் மணலெங்கும் பழுப்பு நிறப் படலம் படிந்தது. புதுத் தொட்டியில் டயாட்டம் என்ற நுண்பாசி வருவது இயல்பு என்பதால் அதை விட்டுவைத்தேன், தானே மறைந்தது.

மாண்டரின் மீனை மட்டும் அன்று மாற்றவில்லை. பாறையில் ஊரும் கோப்பிபாட் என்ற நுண்ணிய ஓடுடைய உயிர்களை நாள் முழுதும் கொத்தித் தின்னும் அந்த மீனுக்குப் புதுத் தொட்டியில் இரை இருந்திருக்காது. பாறைகளில் மூன்றில் ஒரு பங்கோடு அதைப் பழைய தொட்டியிலேயே வைத்து, அந்த நீரின் உப்பளவைப் பல நாட்களில் மெல்ல 35க்கு இறக்கினேன். புதுத் தொட்டியின் கண்ணாடியில் இரவில் கோப்பிபாட்கள் வெண்புள்ளிகளாக ஊர்வதைப் பார்த்த பிறகு, சென்ற வாரம் இரண்டு தொட்டிகளையும் ஒரே கருவியால் அடுத்தடுத்து அளந்துவிட்டு, அந்த மீனையும் மாற்றினேன்.