செகண்ட் பேஸ்ல நின்ன லாரி டோபி

பழைய பேஸ்பால் பத்தி யார் பேச ஆரம்பிச்சாலும் மூணு விஷயம் கண்டிப்பா வந்துரும், 1951ல பாபி தாம்சன் அடிச்ச ஹோம் ரன் (நம்ம சிக்ஸர் மாதிரி), 1954ல வில்லி மேஸ் புடிச்ச கேட்ச், 1956ல டான் லார்சன் போட்ட பெர்ஃபெக்ட் கேம் (ஒருத்தரக் கூட பேஸ்க்கு விடாம வரிசையா 27 பேரையும் அவுட் பண்றது). மூணுமே நியூயார்க்ல நடந்தது. மூணையும் நான் எத்தன தடவ பாத்திருப்பேன்னே தெரியாது, கொடைக்கானல்ல அக்டோபர் நவம்பர்னா மழை, சாயங்காலம் பனி எறங்கிருச்சுன்னா நாயுடுபுரத்துல இருந்து மூஞ்சிக்கல் போறதுக்கே யோசிக்கணும், அப்ப வீட்ல கம்பளிய போத்திக்கிட்டு இந்த கிளிப்ப எல்லாம் போட்டு பாத்துட்டு ரேடியோ கமெண்ட்ரி கேட்டுட்டு இருப்பேன். 1901லயே அமெரிக்க மிஷனரிங்க வந்து ஸ்கூல் ஆரம்பிச்ச ஊரு இது, அமெரிக்கா எங்களுக்கு புதுசு இல்ல, ஆனா பேஸ்பால் பேசறதுக்கு இங்க எனக்கு ஆளே கெடையாது, அதான் இங்க எழுதறேன்.

இந்த மூணு கிளிப்லயும் ஜெயிச்சவர் முகம் மட்டும் தான் மனசுல நிக்குது. அதே நொடியில அதே மைதானத்துல நின்ன இன்னொருத்தர் இருக்காரு, அவர பத்தி யாரும் கேக்கறதில்ல. எனக்கு இப்ப அவங்க மேல தான் கண்ணு போகுது.

மொதல்ல ரால்ஃப் பிராங்கா, டாட்ஜர்ஸ் டீம் பிட்சர், அதாவது பந்து போடறவரு. 1951 ஆகஸ்ட் 11ல ஜெயண்ட்ஸ் டீம் டாட்ஜர்ஸ விட பதிமூணரை கேம் பின்னாடி கெடந்துச்சு, அங்க இருந்து ஏறி வந்து சீசன் கடைசில ரெண்டு டீமும் சரிசமம், அதனால மூணு மேட்ச் பிளேஆஃப், ஆளுக்கொன்னு ஜெயிச்சு மூணாவது மேட்ச் அக்டோபர் 3, போலோ கிரவுண்ட்ஸ். கடைசி, அதாவது ஒம்பதாவது இன்னிங்ஸ் ஆரம்பிக்கறப்ப டாட்ஜர்ஸ் 4-1 முன்னாடி. பிட்சர் நியூகோம்ப் களைச்சுப் போய்ட்டார், ஸ்கோர் 4-2 ஆச்சு, பேஸ்ல (நாலு பேஸையும் ஒரு சுத்து சுத்தி வந்தா ஒரு ரன்) ரெண்டு பேர், ஒரு அவுட், அப்ப பிராங்காவ உள்ள கூப்புட்டாங்க. ரெண்டாவது பந்து. ஜெயண்ட்ஸ் பக்கம் தாம்சன் அடிச்சது லெஃப்ட் ஃபீல்டு கேலரிக்குள்ள போய் விழுந்துச்சு, 5-4, முடிஞ்சு போச்சு. ரேடியோல ரஸ் ஹாட்ஜஸ் ஜெயண்ட்ஸ் ஜெயிச்சுட்டாங்கன்னு திரும்பத் திரும்ப கத்தறத இன்னிக்கு கேட்டாலும் எனக்கு உடம்பு சிலிர்க்கும். அதே நாள் எடுத்த இன்னொரு போட்டோ இருக்கு, டிரஸ்ஸிங் ரூம் படிக்கட்டுல பிராங்கா குப்புற கவுந்து படுத்திருப்பாரு, முதுகுல 13ம் நம்பர். வயசு 25. அதே மனுஷன் 1947ல ஒரே சீசன்ல 21 மேட்ச் ஜெயிச்சுக் குடுத்தவரு, அது யாருக்கும் ஞாபகம் இல்ல.

அம்பது வருஷம் கழிச்சு 2001ல பேப்பர்ல வந்துச்சு, அந்த சீசன்ல ஜெயண்ட்ஸ் டீம் சென்டர் ஃபீல்டு பக்கம் இருந்த ரூம்ல டெலஸ்கோப் வச்சு எதிர் டீம் கேட்சர் (பேட்டருக்கு பின்னாடி உக்காந்து பந்து புடிக்கறவரு) பிட்சருக்கு காட்டற சிக்னல பாத்து பேட்டருக்கு தகவல் குடுத்துட்டு இருந்தாங்கன்னு. தாம்சன் அந்த பந்துக்கு சிக்னல் வாங்கலன்னு சொன்னாரு. பிராங்காவுக்கு இது ரொம்ப வருஷம் முன்னாடியே காதுக்கு வந்துருக்கு, ஆனா வெளிய சொல்லல, ரெண்டு பேரும் பிரெண்ட் ஆகி சேந்து உக்காந்து அந்த போட்டோவுல கையெழுத்து போட்டுக் குடுத்துட்டு இருந்தாங்க. அந்த பொறுமைய நெனச்சா எனக்கு நெஞ்சு அடைக்கும்.

தாம்சன் அடிச்சப்ப அடுத்து பேட் பண்ண ரெடியா நின்னுட்டு இருந்த இருபது வயசு பையன் தான் வில்லி மேஸ். மூணு வருஷம் கழிச்சு அதே மைதானத்துல அவரோட கேட்ச்.

போன மழைக்கு பூம்பாறைல சித்தப்பா வீட்டுக்கு போயிருந்தேன், கரண்ட் இல்ல, எல்லாரும் பூண்டு தரம் பிரிச்சுட்டு இருந்தாங்க, நான் போன்ல சேவ் பண்ணி வச்சிருந்த மேஸ் கிளிப்ப அவர்ட்ட காட்டுனேன். 1954 செப்டம்பர் 29, வேர்ல்டு சீரிஸ் (சீசன் கடைசில சாம்பியன் யாருன்னு முடிவு பண்றது) மொத மேட்ச், எட்டாவது இன்னிங்ஸ், 2-2, கிளீவ்லேண்ட் டீமோட விக் வெர்ட்ஸ் சென்டர் ஃபீல்டுக்கு நேரா தூக்கி அடிக்கறாரு, மேஸ் மைதானத்துக்கு முதுக காட்டிட்டு ஓடறாரு, தலைக்கு மேல வர்ற பந்த அப்படியே ஏந்துறாரு, திரும்பி எறியறாரு, தொப்பி கீழ விழுது. சுமார் 130 மீட்டர் தூரம், நம்ம கிரிக்கெட் பவுண்டரி 75, 80 மீட்டர் இருந்தாலே பெருசு. சித்தப்பா ரெண்டு தடவ பாத்தாரு. அப்புறம், "பேஸ்ல ரெண்டு பேர் நின்னாங்கன்னு சொன்னியேடா தம்பி, அவங்க என்ன ஆனாங்க?"ன்னு கேட்டாரு.

"கிளிப்ல அது வராது சித்தப்பா, கேமரா மேஸ் பின்னாடியே போயிருச்சு. செகண்ட் பேஸ்ல நின்னவரு லாரி டோபி, பந்து கேட்ச் ஆனா பேஸ தொட்டுட்டு தான் ஓடணும், அவரு மூணாவது பேஸ் வரைக்கும் தான் போக முடிஞ்சுச்சு"ன்னேன்.

"யாரு அந்த ஆளு?"

பூண்ட அப்படியே வச்சுட்டு கேட்டாரு, நானும் சொல்ல ஆரம்பிச்சேன், கரண்ட் வந்தப்புறமும் சொல்லிட்டு இருந்தேன்.

ஜாக்கி ராபின்சன எல்லாருக்கும் தெரியும், 1947 ஏப்ரல் 15, புரூக்ளின் டாட்ஜர்ஸ், அமெரிக்காவோட பெரிய பேஸ்பாலான மேஜர் லீக்ல, கறுப்பினத்தவர சேக்காத அந்த காலத்து நிற வேலிய ஒடச்சவரு. டோபி வந்தது அதுக்கு 11 வாரம் கழிச்சு, ஜூலை 5, கிளீவ்லேண்ட் டீமுக்கு, மேஜர் லீக்கோட ரெண்டு பிரிவுல ஒன்னான அமெரிக்கன் லீக்ல மொத கறுப்பின ஆட்டக்காரர். ராபின்சன் ஒரு வருஷம் மான்ட்ரியல் டீம்ல ஆடிப் பழகிட்டு வந்தாரு. டோபிக்கு அது கூட கெடைக்கல, கறுப்பினத்தவருக்குன்னு தனியா இருந்த நீக்ரோ லீக்ல நியூவார்க் ஈகிள்ஸ்க்கு ஆடிட்டு இருந்தவர ஓனர் பில் வீக் வாங்கி நேரா சிகாகோ மைதானத்துல எறக்கிட்டாரு. டிரஸ்ஸிங் ரூம்ல டீம் மேனேஜர் லூ பூட்ரோ ஒவ்வொருத்தரா அறிமுகப்படுத்த, சில பேர் கை குடுக்கவே இல்ல. 23 வயசு பையன். ராபின்சன் பட்ட அதே வசவு, அதே தனி ஓட்டல், எல்லாம் இவரும் பட்டாரு, ஆனா பேப்பர்காரங்க மொத ஆள தேடித் தான் போனாங்க. ரெண்டாவதா வந்தவனுக்கு வலி கொறச்சலா இருக்கும்னு நாம எப்படியோ நெனச்சுக்கிறோம், அது தப்புன்னு நான் உறுதியா சொல்லுவேன்.

அடுத்த வருஷமே 1948 வேர்ல்டு சீரிஸ், நாலாவது மேட்ச், 80 ஆயிரத்துக்கு மேல கூட்டம், டோபி ஹோம் ரன் அடிச்சாரு, கிளீவ்லேண்ட் 2-1. மேட்ச் முடிஞ்சதும் பிட்சர் ஸ்டீவ் குரோமெக்கும் டோபியும் கன்னத்தோட கன்னம் ஒட்டி கட்டிப்புடிச்சு சிரிக்கற போட்டோ பேப்பர்ல வந்துச்சு. ஒரு வெள்ளைக்காரரும் ஒரு கறுப்பினத்தவரும் அப்படி கட்டிப்புடிச்சிருக்கறத 1948ல அமெரிக்கா பேப்பர்ல பாக்கறது ரொம்ப அபூர்வம். என்ன கேட்டா மேஸ் கேட்ச விட இது தான் பெரிய படம், என் போன் வால்பேப்பர் இது தான். அந்த சீரிஸ கிளீவ்லேண்ட் ஜெயிச்சுச்சு, அதுக்கப்புறம் இன்னும் ஜெயிக்கல.

1954ல டோபி 32 ஹோம் ரன், அமெரிக்கன் லீக்ல அவரு தான் டாப். டீம் 154 மேட்ச்ல 111 ஜெயிச்சுச்சு. அப்படிப்பட்ட டீம் தான் மேஸ் கேட்ச்ல மாட்டுச்சு. அந்த பந்து கீழ விழுந்திருந்தா டோபியும் அல் ரோசனும் ஓடி ரெண்டு ரன். பத்தாவது இன்னிங்ஸ்ல ஜெயண்ட்ஸ் பக்கம் டஸ்டி ரோட்ஸ் அடிச்சது சுமார் 80 மீட்டர் தான், ரைட் ஃபீல்டு ஓரத்துல அங்க சுவரு அவ்வளவு கிட்ட, அது ஹோம் ரன், 5-2. 130 மீட்டர் அடிச்சவன் அவுட்டு, 80 மீட்டர் அடிச்சவன் ஹீரோ, சித்தப்பா இத கேட்டு ரொம்ப நேரம் கோவமா இருந்தாரு. சீரிஸ் 4-0 போச்சு.

1978ல டோபி சிகாகோ ஒயிட் சாக்ஸ் மேனேஜர் ஆனாரு, வேலைய குடுத்தது அதே பில் வீக். அங்கயும் ரெண்டாவது கறுப்பின மேனேஜர், மொத ஆள் ஃபிராங்க் ராபின்சன். பெரிய ஆட்டக்காரங்களுக்கு குடுக்கற ஹால் ஆஃப் ஃபேம் கௌரவம் 1998ல தான் கெடச்சுது, ஜாக்கிக்கு கெடச்சது 1962. 36 வருஷ இடைவெளிய என்னால ஏத்துக்கவே முடியல. நல்லவேள 2003ல சாகறதுக்கு முன்னாடி அவரு கையால வாங்கிட்டாரு.

கேட்ச் முடிஞ்ச உடனே அடுத்து பேட் பண்ண வந்தவரு பேரும் சொல்லணும், டேல் மிட்செல், டோபி கூட 1948ல ஜெயிச்சவரு. அந்த இன்னிங்ஸ்ல பொறுமையா நின்னு வாக் (நாலு பந்து தப்பா வந்தா அடிக்காமலே மொத பேஸ்) வாங்கி பேஸ்ல போய் நின்னாரு, ரன் தான் வரல. ரெண்டு வருஷம் கழிச்சு 1956 அக்டோபர் 8ல அவரு டாட்ஜர்ஸ் பக்கம், லார்சன் 26 பேர வரிசையா அவுட் பண்ணிட்டு நிக்கறாரு, 27வது ஆளா வந்தது மிட்செல் தான். லார்சனோட 97வது பந்து, மிட்செல் பேட்ட பாதில நிறுத்திட்டாரு, அம்பயர் பினெல்லி ஸ்ட்ரைக்னு (சரியான பந்துன்னு, மூணு ஸ்ட்ரைக் ஆனா அவுட்) கைய தூக்கிட்டாரு, லார்சன் டீம் கேட்சர் யோகி பெரா ஓடி வந்து லார்சன் மேல தாவறாரு, கேமரா அங்க போயிருச்சு. அது வெளிய போன பந்துன்னு மிட்செல் கடைசி வரைக்கும் சொல்லிட்டு இருந்தாரு. 3984 தடவ பேட் பண்ணி 119 தடவ மட்டும் ஸ்ட்ரைக் அவுட் ஆன மனுஷன், பந்த பாத்து கணிக்கறதுல அவ்வளவு கெட்டி, அதனால நான் அவர நம்பறேன். வேர்ல்டு சீரிஸ் கணக்கு தனிங்கறதால அந்த 119ல இது சேராது.

1959ல 12 இன்னிங்ஸ் பெர்ஃபெக்டா போட்டும் 13வதுல தோத்துப் போன ஹார்வி ஹாடிக்ஸ் கதையையும் இதுலயே எழுதலாம்னு பாத்தேன், அத ரெண்டு வரில சொல்லி முடிக்க எனக்கு மனசு வரல, அடுத்த மழைல தனியா எழுதறேன்.