ரொலான் கரோஸும் விளக்கெண்ணெய் இஞ்சினும்

இந்தியப் பெருங்கடலில் உள்ள பிரெஞ்சுத் தீவான ரெயூனியனில், சேன்த் மரியில் இருக்கும் எங்கள் விமான நிலையத்துக்கு ரொலான் கரோஸ் என்று பெயர். வயதானவர்கள் வாயில் அது இன்னும் 'ஜில்லோ'தான். பாரிஸ் டென்னிஸ் மைதானத்துக்கும் இதே பெயர் என்பதால், என் பட்டறைக்குத் தொழில் பழக வரும் பையன்கள் அவரைப் பெரிய டென்னிஸ் ஆட்டக்காரர் என்றே நம்புகிறார்கள். அவர் விமானி. அவருடைய கல்லூரித் தோழர் எமில் லெசியர் பிடிவாதம் பிடித்து 1928இல் மைதானத்துக்கு வைக்கவைத்த பெயர் அது. டென்னிஸ் கதை அத்தோடு சரி.

நான் காரைக்காலில் பிறந்து ரெயூனியனுக்கு வந்து சேர்ந்த டீசல் மெக்கானிக். கரோஸ் என்றால் இங்கே எல்லோரும் வீரத்தைப் பேசுவார்கள். எனக்கு முதலில் இஞ்சின்தான் கண்ணில் படும்.

1888 அக்டோபர் 6 அன்று இந்தத் தீவின் சேன் தெனியில் பிறந்தார். அப்பா வக்கீல். பையன் சின்னவனாக இருக்கும்போதே குடும்பம் சைகோனுக்குப் போய்விட்டது. பிறகு பிரான்சில் படிப்பு, பாரிசில் கார் வியாபாரம். 1909இல் ரெய்ம்ஸ் நகரில் விமானங்கள் பறந்ததைப் பார்த்ததும் காரில் இருந்த ஆசை போயிற்று. 'தெமுவாசெல்' என்ற மூங்கில் உடம்புக் குட்டி விமானம் ஒன்றை வாங்கிப் பறக்கப் பழகினார்.

1913 செப்டம்பர் 23 அன்று பிரான்சின் ஃப்ரெழுஸிலிருந்து கிளம்பி, எங்கும் இறங்காமல் மத்தியதரைக் கடலைத் தாண்டித் துனிசியாவின் பிசெர்த்தில் இறங்கினார். அதுவரை யாரும் செய்யாதது. கிட்டத்தட்ட எட்டு மணி நேரம். டாங்கியில் மிச்சம் 5 லிட்டர்! அந்த நோம் இஞ்சினில் சிலிண்டர்கள் எல்லாம் காற்றாடியோடு சேர்ந்து சுற்றும். உயவுக்கு ஊற்றுவது விளக்கெண்ணெய். பாதி எரிந்து வெளியே தெறிக்கும், ஓட்டுகிறவர் முகத்திலும் படியும். அந்த இஞ்சினை நம்பிக் கடலுக்கு மேலே போவதென்றால்... நான் அதை நம்பி இந்தத் தீவிலேயே இருக்கும் சேன் பியேர் வரைக்கும்கூடப் போகமாட்டேன்.

1914இல் போர் வந்ததும் தானாகப் போய்ச் சாதாரண சிப்பாயாகச் சேர்ந்தார். (புதுச்சேரி, காரைக்கால் பக்கத்திலிருந்தும் அந்தப் போருக்கு ஆட்கள் போனார்கள். புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில் அவர்களுக்கு நினைவுச் சின்னம் இருக்கிறது.) அப்போது விமானச் சண்டை என்பது துப்பாக்கியைக் கையில் பிடித்துப் பக்கவாட்டில் சுடுவதுதான். நேர் முன்னால் சுட்டால் சொந்தக் காற்றாடியே உடையும். குண்டு காற்றாடி இலைகளுக்கு நடுவே மட்டும் போகும்படி துப்பாக்கியை இஞ்சினோடு டைமிங் பண்ண, விமானம் கட்டும் ரேமோன் சோல்னியே முயன்று பார்த்தார். தோட்டாக்கள் ஒரே சீராக வெடிக்கவில்லை. சில தோட்டாக்கள் நொடியில் நூறில் ஒரு பங்கு தாமதித்தாலே போதும், குறி இலைமேல் வந்துவிடும்.

கரோஸும் அவருடைய மெக்கானிக் ழூல் ஹூவும் வேறு வழிக்குப் போனார்கள். குண்டு படுகிற இடத்தில் இலையைக் குறுக்கி, ஆப்பு வடிவில் எஃகுத் தகடு பொருத்தினார்கள். பெரும்பாலான குண்டுகள் இடைவெளியில் போய்விடும். படுகிற சிலவற்றைத் தகடு தள்ளிவிடும். அடி ஒவ்வொன்றும் இஞ்சினை உலுக்கும் என்பது தெரிந்தே செய்தது. முரட்டு வேலைதான், ஆனால் ஓடியது. 1915 ஏப்ரல் 1, 15, 18 என்று மூன்று ஜெர்மன் விமானங்களை வீழ்த்தினார்.

அந்த 18ஆம் தேதியே பெல்ஜியத்தில் எதிரி பகுதியில் இறங்க நேர்ந்தது. விமானத்துக்குத் தீ வைக்கப் பார்த்தார், சரியாகப் பற்றவில்லை. தகடு ஜெர்மன்காரர்கள் கையில் போனது. அவர்களுக்கு விமானம் செய்துகொடுத்த ஃபோக்கர் கம்பெனிக்காரர்கள் தகட்டை விட்டுவிட்டு, துப்பாக்கியை இஞ்சினோடு இணைக்கும் கியரையே ஓடவைத்துவிட்டார்கள். அந்தக் கோடையிலிருந்து வானம் அவர்களுடையது.

இதுவரை உள்ளதை விமான நிலையத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். நான் கும்பிடுவது இதற்குப் பிறகு நடந்ததை. ஏறக்குறைய மூன்று வருஷம் சிறை. 1918 பிப்ரவரியில், அன்செல்ம் மார்ஷல் என்ற இன்னொரு விமானியோடு ஜெர்மன் அதிகாரி வேஷம் போட்டு மாக்டெபுர்க் முகாமிலிருந்து தப்பி, ஹாலந்து வழியாக வந்து சேர்ந்தார். கண் பார்வை மங்கியிருந்தது. வந்து பார்த்தால் தொழிலே மாறிவிட்டது. 'ஸ்பாட்' விமானம் பழையதைவிட ரொம்ப வேகம், இரட்டைத் துப்பாக்கி, தனியாகப் போகாமல் கூட்டமாகப் பறக்கும் முறை. நாடே அறிந்த மனிதர், தன்னைவிடச் சின்னப் பையன்களிடம் முதலிலிருந்து பாடம் கேட்டார்.

நான் கைவிரலால் டைமிங் பார்த்த காலத்து ஆள். கம்ப்யூட்டரைச் சொருகிப் பழுது பார்க்கும் வண்டிகள் வந்தபோது, என் மகன் வயதுப் பையன் முன்னால் பெஞ்சில் உட்கார்ந்து கற்றுக்கொண்டேன். முதல் வாரம் காது சுட்டுக்கொண்டே இருந்தது. அதனால் அந்த மனிதருக்கு எப்படி இருந்திருக்கும் என்று கொஞ்சம் தெரியும்.

அக்டோபர் 2இல் இன்னொரு விமானத்தை வீழ்த்தினார். 5ஆம் தேதி வூசியேர் அருகே அவரையே சுட்டு வீழ்த்திவிட்டார்கள். மறுநாள் முப்பதாவது பிறந்தநாள். போர் முடிய ஐந்து வாரத்துக்குக் கொஞ்சம் மேலேதான் இருந்தது. ஐந்து விமானத்தை வீழ்த்தினால்தான் 'ஏஸ்' என்ற பட்டம். அவர் கணக்கு நான்கு. பத்திரிகைகள் தாராளமாகப் பட்டம் கொடுத்துவிடுகின்றன, அதில் எனக்கு ஆட்சேபணை இல்லை.

சேன் தெனியின் பராஷுவாக் கடற்கரைப் பகுதியில் காற்றாடியோடு அவர் சிலை நிற்கிறது. பட்டறைப் பிள்ளைகளை அங்கே கூட்டிப்போனால், தகடு இலையில் எந்த இடத்தில் வரும், காட்டு என்பேன். பையன்கள் எல்லோரும் நுனியைக் காட்டினார்கள். துப்பாக்கி இருக்கிற உயரத்தை யோசித்து நடுப்பக்கமாகக் காட்டியது ஒருத்திதான், பெயின்ட் வேலை பழக வந்த பெண். இப்போது அவளை இஞ்சின் பக்கம் மாற்றிவிட்டேன்.